பன்றிமலைத் துண்டு வேலை

3 பிப்ரவரி 1929, ஞாயிறு

மழை இல்லை. கித்தா என்று இங்கே சொல்லும் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கிவிட்டன. காற்று அடித்தால் ஆஸ்பத்திரி வாசல் முழுக்கச் செத்தைதான். காலையில் ஒரு குழந்தைக்குக் காதுவலி, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் ஸ்டோரில் ஒருவனுக்கு விரல் நசுங்கல், மீதியெல்லாம் வழக்கமான மலேரியா. பக்கத்து ஊரான ரெங்கத்துக் கோயிலுக்குச் சாமியார் இந்த வாரம் வரவில்லை. நானாகவே ஜெபமாலை சொல்லி முடித்தேன்.

மாலையில் தோட்டத்து ஆபீஸ் ஹெட் கிராணி கேப்ரியல் வந்திருந்தார். இந்தத் தோட்டத்தில் எனக்குச் சரிசமமாக உட்கார்ந்து பேச அவர் ஒருவர்தான். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் என்றால் கூலி லயத்து ஜனங்கள் எழுந்து நிற்பார்கள். துரை பங்களாவிலோ நான் எழுந்து நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இந்தக் குவார்ட்டர்ஸ். மனைவி செசிலியாவும் மகள் இன்பராணியும் ஜொகூர் பாருவில், மச்சான் வீட்டில். பிள்ளை கான்வென்ட்டில் படிக்கிறாள். பள்ளி விடுமுறைக்குத்தான் வருவார்கள்.

கேப்ரியல் ஒரு புதுச் செய்தி சொன்னார். இளங்கன்றுகள் வைத்த பன்றிமலையில் புல் வெட்டுவது நாளையிலிருந்து கூட்டமாக இல்லையாம். ஆளுக்கொரு துண்டு நிலம். கல்யாணமாகாதவர்கள், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள், இவர்களுக்குத்தான் துண்டு. புல்வெட்டில் இருந்த பெண்களைப் பால்வெட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். அவனவன் துண்டில் லாலாங் புல் முளைத்தால் அவனவன் பொறுப்பு. யார் சோம்பேறி என்று பார்த்தாலே தெரிந்துவிடும் என்பது துரையின் எண்ணம். நல்ல யோசனை என்றார் கேப்ரியல். எனக்கும் அப்படித்தான் பட்டது.

13 பிப்ரவரி, புதன்

விபூதிப் புதன். நெற்றியில் சாம்பல் பூச ஆள் இல்லை. ஒருவேளைச் சாப்பாடு.

26 பிப்ரவரி, செவ்வாய்

கருப்பாயி தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காய்ச்சல் இறங்கிவிட்டது, பயமில்லை. முன்பு பன்றிமலையில் புல் வெட்டியவள், இப்போது பால்வெட்டில் இருக்கிறாள். புது வேலை எப்படி என்று கேட்டேன். வேலை பரவாயில்லையாம், மலை மேல் இருந்தவரை நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். கங்காணிக்குப் பட்டப்பெயர் வைத்தது, ஒருத்தன் சோற்றை இன்னொருத்தன் தின்றது என்று ஏதேதோ சொன்னாள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.

5 மார்ச், செவ்வாய்

பன்றிமலையில் செல்லப்பன் இறந்துவிட்டான். தன் கையாலேயே. எப்படி என்பதை இங்கே எழுதப்போவதில்லை. போலீஸ் எழுதிக்கொண்டு போனது போதும்.

இருபத்தைந்து வயது இருக்கும். போன வருஷம் கப்பல் ஏறி வந்தவன். குளுவாங்கிலிருந்து வந்த இன்ஸ்பெக்டரிடம் துரை, ஊரில் ஏதோ குடும்பக் கவலை இருந்திருக்கும் என்றார். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். இருக்கலாம் என்றேன். எனக்கு வேறென்ன தெரியும்? அவன் ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிக்கு வந்ததில்லை.

6 மார்ச், புதன்

ஒரு கேள்வி விடமாட்டேன் என்கிறது. செல்லப்பனுக்காக நான் ஜெபிக்கலாமா? தற்கொலை பெரும் பாவம் என்று ஞானோபதேசத்தில் படித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இருந்தும் ஜெபித்தேன். தப்பென்றால் அதை ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும்.

29 மார்ச், வெள்ளி

பெரிய வெள்ளி. லயத்தில் நாலைந்து வேதக்காரக் குடும்பங்கள். எல்லாரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கூடிச் சிலுவைப்பாதை சொன்னோம். பிச்சைமுத்து வீட்டுப் பெண்கள் ஒப்பாரி போலப் பாடினார்கள். கேட்டுக்கொண்டிருந்த இந்து ஜனங்களும் அழுதார்கள்.

9 ஏப்ரல், செவ்வாய்

சின்னத்தம்பி.

அவனும் பன்றிமலைதான். அவனும் அதேபோல.

சின்னத்தம்பியை எனக்குத் தெரியும். போன வாரம் வயிற்றுவலி என்று வந்தான். மருந்தைக் குடித்த பிறகும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன். வருகிறவர்கள் போகிறவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கிழவர் காலைத் தூக்கி வைக்கச் சிரமப்பட்டபோது எழுந்துபோய்ப் பிடித்துவிட்டான். சாயங்காலம் கங்காணி கூப்பிட்ட பிறகுதான் எழுந்து போனான். போகும்போது கும்பிட்டான்.

வயிற்றை அமுக்கிப் பார்த்தபோது வலி எங்கே என்று அவனுக்குக் காட்டத் தெரியவில்லை.

12 ஏப்ரல், வெள்ளி

கருப்பாயி வந்தாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, என்னைப் பார்க்கத்தான். வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னதும் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

சின்னத்தம்பி அவள் லயத்தில் அடுத்த ரூம்காரன். முன்பெல்லாம் அவன் வாய் ஓயாதாம். துண்டு வேலைக்குப் போனதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு குறைந்திருக்கிறது. கடைசியில் கூப்பிட்டால்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லையாம்.

"விடியறதுக்கு முன்னாடி ஏறிப் போறாங்க ஐயா. ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவுல ஒரு மேடோ பள்ளமோ இருக்கு. ஆள் தெரியாது, சத்தம் கேக்காது. கங்காணி மதியம் ஒருவாட்டி வந்து புல்லைத்தான் பாக்குறாரு, ஆளைப் பாக்குறதில்ல. எறங்கி வர்றப்ப இருட்டிப் போவுது. சின்னத்தம்பி சொல்வான், 'அக்கா, நான் இன்னிக்குப் புல்லோட பேசினேன்'னு. நான் சிரிச்சேன். அவன் சிரிக்கல."

அவள் போன பிறகு நான் வேலை எதுவும் செய்யவில்லை.

இந்தத் தோட்டத்தில் எல்லாரும் அதே அரிசியைத்தான் தின்கிறார்கள். அதே கிணற்றுத் தண்ணீர், அதே காய்ச்சல், அதே கங்காணியின் வாய். பால்வெட்டுக்காரர்களுக்குக் கடன் உண்டு, சண்டை உண்டு, பிள்ளை சாவும் உண்டு. ஸ்டோரில் புகைக்குள் நின்று இருமுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் யாரும் இப்படிப் போகவில்லையே. போன இரண்டு பேரும் பன்றிமலைக்காரர்கள். கூட்டமாகப் போனவரை அங்கேயும் யாரும் இப்படிச் சாகவில்லை.

வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று இனிமேல் நான் எப்படிச் சொல்வது?

15 ஏப்ரல், திங்கள்

துரையைப் பார்த்தேன். நிற்க வைத்தே பேசினார். நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார், அதை மறுப்பதற்கில்லை. பிறகு, தமிழ்க் கூலிகளின் மனசே அப்படித்தான், தொட்டதற்கெல்லாம் உயிரை விடுவார்கள், கள்ளும் ஒரு காரணம் என்றார். இரண்டு பேரும் குடிக்காதவர்கள் என்றேன். துண்டு வேலையில் புல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று நான் போய்ப் பார்த்தேனா என்று கேட்டார். இல்லை என்றேன். டிரஸ்ஸரின் வேலை மலேரியாவுக்குக் கொய்னா கொடுப்பது என்று சொல்லிவிட்டுப் பைப்பைப் பற்றவைத்தார்.

16 ஏப்ரல், செவ்வாய்

போய்ப் பார்த்தேன். புல் சுத்தமாகத்தான் இருக்கிறது.

ஒரு துண்டின் நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். இளங்கன்றுகள், நிழல் இல்லை, காட்டோரம் பூச்சிகளின் இரைச்சல் மட்டும். எங்கோ ஒருவன் இருக்கிறான் என்று தெரியும், கண்ணில் படவில்லை. குரல் கொடுத்துப் பார்த்தேன். பதில் வரவில்லை. கீழே இறங்கி ரோட்டில் மாட்டுவண்டியைக் கண்டதும் அப்பாடா என்றிருந்தது. நான் நின்றது கொஞ்ச நேரம்தான்.

28 ஏப்ரல், ஞாயிறு

பல நாளாக எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை.

காலையில் எழுந்து மருந்து கொடுக்கிறேன், சாப்பிடுகிறேன், படுக்கிறேன். கேப்ரியல் மலேரியாவில் படுத்திருந்ததால் ஒரு வாரமாக யாரோடும் பேச்சு இல்லை. "நாக்கை நீட்டு", "மூச்சை இழு", "அடுத்த ஆள்". இதைத்தவிர நான் வாய் திறக்கவில்லை என்று இன்று மதியம்தான் உறைத்தது.

பன்றிமலையில் மட்டுமா துண்டு?

என்னமோ ஒண்ணு நெஞ்சுக்குள்ள அழுத்துது. ஆண்டவரே, என்னன்னு சொல்லத் தெரியல.

30 ஏப்ரல், செவ்வாய்

விஷ மருந்து அலமாரியின் சாவியைக் கேப்ரியலிடம் கொடுத்துவிட்டேன். தேவைப்படும்போது கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இனி ராத்திரிச் சாப்பாடு அவர் வீட்டில்தான் என்றார். ஆகட்டும் என்றேன்.

6 மே, திங்கள்

ஐயாசாமியை மதியம் பன்றிமலையிலிருந்து தூக்கி வந்தார்கள். கங்காணி புல் பார்க்கப் போனவர் தற்செயலாக வழக்கத்தைவிட முன்னாலேயே போயிருக்கிறார். அதனால் உயிர் இருக்கிறது. சாகத்தான் துணிந்திருக்கிறான். செய்ய வேண்டியதைச் செய்தேன்.

சாயங்காலம் கண் திறந்தான். பிழைத்துக்கொள்வான்.

7 மே, செவ்வாய்

ஐயாசாமிக்கு முப்பது வயது. பெண்டாட்டி, ஒரு பெண் குழந்தை, திருச்சிப் பக்கம். பேசவில்லை. வேலை முடிந்ததும் அவன் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு, கட்டுத்துணிகளைச் சுருட்டியபடி உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனும் ஒரு துணியை எடுத்துச் சுருட்டத் தொடங்கினான்.

9 மே, வியாழன்

போலீஸ் வந்தது. சாக முயன்றதும் குற்றமாம், சட்டம் அப்படி. செத்திருந்தால் வழக்கு இல்லை, பிழைத்ததால் வழக்கு. மாதக் கடைசியில் குளுவாங் கோர்ட்டு. நான் சாட்சி.

ஒரு வழி இருக்கிறது என்று கேப்ரியல் சொன்னார். மலேரியா ஜன்னியில் புத்தி தடுமாறி என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்துவிட்டான் என்று நான் சொன்னால் போதும், விட்டுவிடுவார்கள். துரைக்கும் அதுதான் விருப்பமாம்.

"அவனுக்கு நல்லது, உங்களுக்கு நல்லது, தோட்டத்துக்கும் நல்லது. யாருக்கு நஷ்டம் கிரகோரி?" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

ஐயாசாமிக்குக் காய்ச்சலே இல்லை. தொட்டுப் பார்த்தவன் நான்.

11 மே, சனி

மதியம் வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. செசிலியா! இன்பராணியும் கூடவே. ரெங்கம் ஸ்டேஷனில் இறங்கி அவர்களாகவே வண்டி பிடித்து வந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் என்னாயிற்று என்று கேட்டேன். பள்ளிக்கூடம் அங்கேயேதான் இருக்கும் என்றாள்.

கேப்ரியல்தான் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார். சாவி விஷயத்தையும் சொல்லிவிட்டாராம். செசிலியா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து என் சட்டைகளையெல்லாம் எடுத்து உதறி, பொத்தான் இல்லாதவற்றை ஒரு பக்கம் வைத்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

என்ன சொல்வது? எனக்கே தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வது? அப்படித்தான் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

14 மே, செவ்வாய்

செசிலியா வார்டுக்குக் கஞ்சி கொண்டுவருகிறாள். ஐயாசாமிக்கு முதலில் கூச்சம், டிரஸ்ஸர் வீட்டு அம்மா கையால் வாங்குவதா என்று. இன்பராணி அவன் கட்டிலருகே உட்கார்ந்து ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உங்க பாப்பா பேரென்ன? புஷ்பவள்ளி. அவளுக்குப் பல் விழுந்துடுச்சா? அது அவனுக்குத் தெரியவில்லை. வரும்போது கைக்குழந்தை என்றான்.

சொல்லிவிட்டு அழுதான். ரொம்ப நேரம். கருப்பாயி வந்து பார்த்துவிட்டு, "அழுவட்டும் ஐயா, விடுங்க" என்றாள்.

19 மே, ஞாயிறு

நானும் செசிலியாவும் வராந்தாவில் உட்கார்ந்து பேசினோம். காய்ச்சல் என்று சொன்னால் ஐயாசாமி தப்பிப்பான். ஆனால் செல்லப்பனுக்குக் குடும்பக் கவலை, சின்னத்தம்பிக்கு மனசு சரியில்லை, ஐயாசாமிக்குக் காய்ச்சல் என்று ஆகிவிடும். பன்றிமலையின் பேர் எங்கேயும் வராது. அடுத்து ஒருவன் அங்கே போவான். உண்மையைச் சொன்னாலோ ஐயாசாமி ஜெயிலுக்குப் போகலாம், என் வேலையும் போகலாம். வேலை போனால் போகட்டும். ஆனால் அவனை ஜெயிலில் தள்ள நான் யார்?

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அவர்கிட்டக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஐயாசாமியைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

20 மே, திங்கள்

கேட்டேன். இரண்டு வழியையும் விவரமாகச் சொன்னேன். ஐயாசாமி கட்டிலில் உட்கார்ந்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காய்ச்சல்னு சொன்னா என்னை விட்டுடுவாங்களா ஐயா?"

விட்டுடுவாங்க என்றேன்.

"விட்டுட்டா நான் எங்க போறது? அந்தத் துண்டுக்கேதானே போவணும்?"

நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"சாவணும்னு எனக்கு ஆசை இல்லீங்க. அந்த மலைக்கு மறுபடி ஏறக் கூடாதுன்னுதான் இருந்துச்சு. வேற வழி தெரியல. ஜெயில்ல நாலு பேரோட இருக்கலாம்ல?"

பிறகு என் பக்கம் திரும்பி, "நானே சொல்றேன். நீங்க உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க" என்றான்.

21 மே, செவ்வாய்

உண்மையைத்தான் சொல்லப்போகிறேன் என்று கேப்ரியலிடம் சொல்லிவிட்டேன். மீசையைத் தடவிக்கொண்டார். தான் இதைக் கேட்டதாக யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். பயப்படுகிறார். அவருக்கு ஐந்து பிள்ளைகள். அதைத் தப்பென்று சொல்ல என்னால் முடியாது.

30 மே, வியாழன்

குளுவாங் போய்த் திரும்பியாயிற்று. எல்லாவற்றையும் எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும். செசிலியா விளக்கில் எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறாள்.

காலை ரயிலில் நானும் ஐயாசாமியும் ஒரு போலீஸ்காரரும் போனோம். மலாய்க்காரர், நல்ல மனுஷன். விலங்கு போடவில்லை, வழியில் ஐயாசாமிக்கு ஒரு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார். துரை தன் காரில் வந்திருந்தார். கோர்ட்டில் எனக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருப்பதைத் திரும்பாமலே உணர்ந்தேன்.

ஐயாசாமியை ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். அவன் கைகட்டி நின்று மெதுவாகச் சொன்னான்.

"நாள் பூரா தனியா இருந்தேன் சாமி. பக்கத்துல மனுஷக் குரலே இல்ல. எறங்கி வந்தாலும் பேச்சு வரல. ஒரு நாளு என் பேரை நானே சத்தமாச் சொல்லிப் பாத்தேன், வேற யாரோ பேர் மாதிரி இருந்துச்சு. அப்பவே நான் செத்துட்டதா நெனச்சேன்."

இவ்வளவையும் மொழிபெயர்ப்பாளர் இங்கிலீஷில் ஒரே வரியில் சொல்லி முடித்தார்: வேலை பிடிக்கவில்லையாம். எனக்கு இரத்தம் கொதித்தது. கை தூக்கலாமா கூடாதா? தூக்கிவிட்டேன். மாஜிஸ்திரேட் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அவன் சொன்னது முழுவதும் வரவில்லை ஐயா, எனக்கு இரண்டு பாஷையும் தெரியும் என்றேன். என் முறை வரும், அப்போது சொல்லலாம் என்றார்.

என் முறை வந்தது. அவனுக்குக் காய்ச்சல் இருந்ததா என்று முதல் கேள்வி.

இல்லை என்றேன்.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

பிறகு ஐயாசாமி சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். எனக்குத் தெரிந்ததையும் சொன்னேன். அதே சோறு தின்று, அதே லயத்தில் படுத்து, அதே காய்ச்சலில் விழுகிற பால்வெட்டுக்காரர்களும் ஸ்டோர்க்காரர்களும் சாகத் துணியவில்லை. கூட்டமாகப் புல் வெட்டியவரை பன்றிமலையிலும் யாரும் துணியவில்லை. தனித்தனித் துண்டாக ஆக்கிய பிறகு மூன்று பேர். மனசு என்னவென்று நான் படித்தவனில்லை, டிரஸ்ஸர்தான். ஆனால் ஒரே கிணற்றிலிருந்து வயிற்றுப்போக்கு வந்தால் கிணற்றை மூடச் சொல்வது என் வேலை, இதையும் அப்படித்தான் சொல்கிறேன் என்றேன்.

தோட்டத்தில் வேலையை எப்படிப் பிரிப்பது என்பது இந்தக் கோர்ட்டின் விஷயமில்லை என்றார் மாஜிஸ்திரேட். ஆனால் எழுதிக்கொண்டார். தொழிலாளர் இலாகாவுக்கு அனுப்புவதாகச் சொன்னார். தண்டனை, கோர்ட்டு கலையும்வரை காவல்.

எனக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. அந்த அறையின் பெஞ்சில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருக்க வேண்டும், பிறகு போகலாம். அவ்வளவுதான். ஐயாசாமிக்குச் சொன்னேன். நம்பவில்லை. நான் போகவில்லை, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். ஒரு பன்றித் திருட்டுக் கேஸ், ஒரு சைக்கிள் கேஸ், சீன மளிகைக்காரர் இருவர் ஒருவரையொருவர் அடித்துக்கொண்ட கேஸ் எல்லாம் பார்த்தோம். சைக்கிள் கேஸில் சாட்சி சொன்னதைக் கேட்டு ஐயாசாமி சிரித்துவிட்டான். போலீஸ்காரர் அதட்டினார்.

துரை எப்போது எழுந்து போனார் என்று கவனிக்கவில்லை.

3 ஜூன், திங்கள்

நோட்டீஸ் வந்துவிட்டது. மாதக் கடைசியோடு என் வேலை முடிகிறது. காரணம் எதுவும் சொல்லவில்லை. டைப் அடித்தவர் கேப்ரியல்தான், கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான். கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார். செசிலியா காப்பி கொண்டுவந்தாள். மூவரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

ஐயாசாமியைத் துரை வேலையை விட்டு நீக்கவில்லை. கோர்ட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போது நீக்கினால் நன்றாயிருக்காது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். என்னுடைய ஆஸ்பத்திரியிலேயே கூட்டிப் பெருக்கும் வேலைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டேன், இந்த ஒரு மாதத்துக்கு. அதற்குப் பிறகு?

9 ஜூன், ஞாயிறு

பன்றிமலையில் இன்னும் ஆட்கள் தனித்தனியாகத்தான் போகிறார்கள். தினமும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் நின்று முகங்களைப் பார்க்கிறேன். யார் பதில் சொல்வதில்லை, யார் நிலத்தையே பார்க்கிறான். பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். கருப்பாயியும் இன்னும் சில பெண்களும் சாயங்காலம் மலையடிவாரத்தில் நின்று, இறங்கி வருகிறவர்களோடு பேசிக்கொண்டே லயத்துக்கு நடக்கிறார்கள். இது கருப்பாயி தானாகச் செய்தது. யாரும் சொல்லவில்லை.

இது போதுமா? போதாது. எனக்குத் தெரிகிறது. கோர்ட்டில் பேசியது காற்றோடு போய்விட்டதோ?

13 ஜூன், வியாழன்

தொழிலாளர் இலாகாவிலிருந்து ஒருவர் வந்தார். இளவயது வெள்ளைக்காரர், தமிழ் ஓரளவு பேசுகிறார். துரை பங்களாவில் சாப்பிட்டுவிட்டுப் பன்றிமலைக்குத் தனியாக ஏறிப் போனாராம். இறங்கி வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். ஐயாசாமிதான் கொடுத்தான். குடித்துவிட்டு அவனிடம் ஏதோ கேட்டார், இவன் பதில் சொன்னான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. போய்விட்டார்.

என்ன கேட்டார் என்று ஐயாசாமியிடம் விசாரித்தேன். "அங்க எப்பவும் இவ்வளவு அமைதியான்னு கேட்டாருங்க. ஆமான்னேன்."

17 ஜூன், திங்கள்

ஒன்றும் இல்லை.

20 ஜூன், வியாழன்

கோத்தா திங்கியில் ஒரு டாக்டரின் மருந்துக்கடைக்கு ஆள் தேவையாம். மச்சான் விசாரித்துச் சொல்லியிருக்கிறார். சம்பளம் குறைவு. ஆனால் கடைக்குப் பின்னால் வீடு, குடும்பத்தோடு இருக்கலாம். வருவதாகச் சொல்லிவிட்டேன். கேப்ரியல் விஷ மருந்து அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார், புது டிரஸ்ஸரிடம் ஒப்படைப்பதற்காக. அதைக் கையில் வாங்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதை ஆண்டவருக்கு நன்றியோடு எழுதி வைக்கிறேன்.

24 ஜூன், திங்கள்

பெரட்டில் துரை வந்து நின்றார். பன்றிமலைக்கு இனித் துண்டு வேலை கிடையாது, எல்லாரும் ஒரே வரிசையாகப் புல் வெட்ட வேண்டும், பெண்கள் சிலரும் திரும்பிப் போக வேண்டும் என்று அறிவித்தார். மழைக்கு முன் மலையை முடிக்க வேண்டுமாம், அதனால்தானாம். வேறு காரணம் சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை.

பார்க்க வேண்டாம்.

ஐயாசாமி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னிடம் வந்தான். தானும் மலைக்குப் போகட்டுமா என்று கேட்டான். நான் யோசித்தேன். பயமாக இருந்தது. கருப்பாயியும் அந்த வரிசையில்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றான்.

25 ஜூன், செவ்வாய்

போயிருக்கிறான். சாயங்காலம்வரை வாசலுக்கும் வார்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். செசிலியா அதைப் பார்த்துக்கொண்டே சாமான்களைக் கட்டினாள். இருட்டும் நேரத்தில் கூட்டமாக வந்தார்கள், இரைச்சலோடு.

செல்லப்பன் இல்லை, சின்னத்தம்பி இல்லை. அந்த இரைச்சலில் அவர்கள் குரலையும் தேடியிருக்கிறேன் போலும். இதை யாரிடமும் சொல்லவில்லை.

29 ஜூன், சனி

நாளை மறுநாள் கிளம்புகிறோம். வண்டிக்குச் சொல்லியாயிற்று.

இன்று மதியம் பன்றிமலையிலிருந்து இரண்டு பேரை இழுத்து வந்தார்கள். ஒருவனுக்கு மண்டையில் வெட்டு, இன்னொருவனுக்கு உதடு கிழிந்திருந்தது. சாப்பிட உட்கார இருக்கிற ஒரே மர நிழலில் யார் உட்காருவது என்று சண்டையாம். அந்த மண்டை உடைந்தவன் வாய் ஓயவில்லை. தன் இடத்தில் மூன்று நாளாக அவன்தான் உட்காருகிறான், தன் வெற்றிலையையும் தின்றுவிட்டான் என்று எனக்கும் கட்டிலுக்கும் சுவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். உதடு கிழிந்தவன் இரத்தத்தைத் துப்பித் துப்பிப் பதில் சொன்னான். கூட வந்த ஐயாசாமி இரண்டு பேரையும் திட்டினான். வெளியே நின்ற கருப்பாயி மூன்று பேரையும் சேர்த்துத் திட்டினாள்.

ஊசியில் நூல் கோத்துத் தைக்க ஆரம்பித்தேன். தையல் போடுகிற நேரம் முழுக்க அந்த நாலு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் யாரையும் வாயை மூடச் சொல்லவில்லை.